குழந்தைக்கு நிமோனியா, கையில் ரத்த ரிப்போர்ட்: சிஆர்பி எண்ணை எப்படிப் படிப்பது?

ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு என் மகளுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. அப்போது அவளுக்கு மூன்று வயது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே ரத்தம் எடுத்தார்கள், சிஆர்பி 6 என்று வந்தது, பத்துக்குக் கீழே இருந்தால் சரி என்று ரிப்போர்ட்டிலேயே அச்சாகியிருந்தது, நாங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டோம். ஞாயிறு மாலை அவள் தூங்கும்போது பார்க்கிறேன், மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. நிமிடத்துக்கு 52 மூச்சு. திரும்ப ஓடினோம். இந்த முறை சிஆர்பி 118, எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக ஒரு திட்டு.

முதல் பரிசோதனையில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பெல்லாம் இல்லை. காய்ச்சல் வந்து எட்டு மணி நேரத்தில் எடுத்த ரத்தம் அது. சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி வந்தால் கல்லீரல் செய்யும் ஒரு புரதம், உடம்பு அதை அப்போதுதான் செய்யத் தொடங்கியிருக்கும். எண் சரிதான், அதைப் படிக்கத் தேவையான நேரம்தான் ரிப்போர்ட்டில் இல்லை. அன்று எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்பதால்தான், முதல் தடவையாக இந்தக் காகிதத்தைக் கையில் வாங்கும் அம்மா அப்பாக்களுக்காக எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அதைவிடச் சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எண்ணைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.

ரிப்போர்ட்டைத் திறப்பதற்கு முன்

முதலில் மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாகவோ தூக்கத்திலோ இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது வேண்டாம், குழந்தைகளின் மூச்சு சீராக ஓடாது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு இது: 2 மாதத்திலிருந்து ஒரு வயது முடியும்வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு.

அப்புறம் மற்றதைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போகிறதா, குடிக்க முடியாமல் தவிக்கிறதா, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறதா, எழுப்பினால் எழாமல் துவண்டு கிடக்கிறதா, வலிப்பு வந்ததா, உதடு நீலமாகிறதா, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு குறைந்துகொண்டே வருகிறதா. ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் அது கடுமையான நோய். இவற்றில் எது இருந்தாலும் ரிப்போர்ட் வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். எண் நல்லதாக வந்திருந்தாலும் கிளம்புங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் அழற்சி எண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது ஒரு விஷயம், குழந்தை எவ்வளவு கஷ்டப்படுகிறது என்பது வேறு விஷயம். சில வைரஸ் தொற்றுகளில் சிஆர்பி 8, 10 என்று சாதுவாக இருக்கும், ஆனால் குழந்தை ஆக்சிஜன் இல்லாமல் சமாளிக்க முடியாத நிலையில் இருக்கும். அதே சமயம் சிஆர்பி நூறைத் தாண்டிய குழந்தை ஒன்று மாத்திரையோடு வீட்டிலேயே குணமாகிவிடுவதும் உண்டு.

ஒரு தாளில் மூன்று நேரம்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இதை எழுதுங்கள்: காய்ச்சல் எந்த நாள் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள், ஆன்டிபயாடிக் முதல் வேளை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள். ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம் மட்டும்தான் இருக்கும், சிலவற்றில் ரிப்போர்ட் அடித்த நேரம்தான் இருக்கும். மற்றது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

கூடவே, வாய்வழியாகவோ ஊசியாகவோ ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதையும், கடந்த இரண்டு மூன்று நாளில் தடுப்பூசி போட்டிருந்தால் அதையும் குறித்து வையுங்கள். இரண்டுமே எண்களை நகர்த்தும்.

அடுத்து, அலகு

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நாங்களும்தான். சிஆர்பியைச் சில லேப்களில் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கொடுப்பார்கள், சில இடங்களில் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை என்று கொடுப்பார்கள். டெசிலிட்டர் என்பது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆக, டெசிலிட்டர் கணக்கில் 6.4 என்று இருந்தால் லிட்டர் கணக்கில் அது 64. என் மகளின் அடுத்த ரிப்போர்ட் வேறொரு லேப்பிலிருந்து 6.4 என்று வந்தது, 118 போய் 6 ஆகிவிட்டது என்று குடும்பமே சந்தோஷப்பட்டோம். சாயங்காலம் மருத்துவர் வந்து அது 64 என்று சொன்னார். 64-உம் நல்ல இறக்கம்தான், ஆனால் நாங்கள் அன்று மதியமே வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தோம்.

முடிந்தவரை ஒரே லேப்பில் செய்யுங்கள். முடியாவிட்டால் உங்கள் தாளில் எல்லாவற்றையும் லிட்டர் கணக்குக்கு மாற்றி எழுதுங்கள். இதய நோய் ஆபத்தைப் பார்க்க ஹைசென்சிடிவ் சிஆர்பி என்று ஒன்று செய்வார்கள், அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 1, 3 போன்ற எல்லைகள் காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்குப் பொருந்தாது. கீழே நான் சொல்லும் சிஆர்பி எண்கள் எல்லாமே லிட்டருக்கு மில்லிகிராம்.

சிஆர்பி

இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்ததே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளோடு நோயாளிகளின் ரத்தநீரைச் சேர்த்தார்கள். அது வெண்மையாகத் திரிந்து படிந்தது. அந்தப் பொருளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சி. சி-யோடு வினைபுரியும் புரதம் என்பதால்தான் சி ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சிஆர்பி. அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நோய் கடுமையாக இருந்தபோது திரிந்த ரத்தநீர், நோயாளி தேறியபின் திரியவில்லை என்பதையும் அவர்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள். நாள் போகப்போக மாறும் பொருள் இது என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்த சங்கதி.

இப்போது அதன் காலக்கணக்கைப் பார்ப்போம். நுரையீரலில் கிருமியோடு சண்டை தொடங்கியதும் அங்குள்ள அணுக்கள் இன்டர்லூக்கின் 6 என்ற தூதுப் பொருளை ரத்தத்தில் விடுகின்றன. அது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் சிஆர்பி செய்ய ஆரம்பிக்கிறது. ஆறு மணி நேரம் வாக்கில் ஏறத் தொடங்கி, ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் உச்சத்தைத் தொடும். உடம்பு செய்வதை நிறுத்திவிட்டால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். இந்த மூன்றையும் மனதில் வைத்தால் போதும், பாதி ரிப்போர்ட் தானாகவே புரியும். காய்ச்சல் வந்து 12 மணி நேரம்கூட ஆகாத குழந்தைக்கு சிஆர்பி 6 என்றால் அது எதையும் சொல்லவில்லை. மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகும் 6 என்றால் அது நிறையச் சொல்கிறது, பாக்டீரியா நிமோனியாவுக்கு வாய்ப்பு நன்றாகவே குறைகிறது.

எவ்வளவு இருந்தால் அதிகம் என்று எல்லோரும் கேட்பார்கள். ஆரோக்கியமான குழந்தைக்குப் பெரும்பாலும் 5-க்குக் கீழே, அல்லது லேப்பைப் பொறுத்து 10-க்குக் கீழே. ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் அடித்த பிறகு 20-க்குக் கீழே என்றால் ஆறுதலான எண். 40, 60 என்று போகும்போது பாக்டீரியா பக்கம் சந்தேகம் கூடுகிறது, 100-ஐத் தாண்டினால் இன்னும் கூடுகிறது. ஆனால் கோடு கிழித்த மாதிரி ஒரு எல்லை கிடையவே கிடையாது. அடினோவைரஸ் என்ற ஒரு வைரஸ், எந்த பாக்டீரியாவும் இல்லாமலேயே சிஆர்பியை நூறு வரைக்கும் கொண்டுபோகும், வெள்ளை அணுக்களையும் ஏற்றும். மைகோபிளாஸ்மா என்பது பாக்டீரியா, பள்ளிக்கூடம் போகும் வயதில் அடிக்கடி வருவது, ஆனால் அதில் எண்கள் நடுத்தரமாகவே நின்றுவிடுவது சகஜம். 20-க்குக் கீழே ஆன்டிபயாடிக் வேண்டாம், 100-க்கு மேல் கொடு என்று ஒரு அளவுகோல் சுற்றி வருகிறது, அது பிரிட்டனில் 2014-இல் பெரியவர்களுக்காக வகுத்தது. குழந்தைக்கு அப்படியே போட்டுப் பார்க்காதீர்கள்.

வெள்ளை அணுக்கள்: வயதைப் பார்க்காமல் பயப்பட வேண்டாம்

ஒரு வயதுக் குழந்தைக்கு மொத்த வெள்ளை அணுக்கள் 14,000 என்று வந்து, பக்கத்தில் தடித்த எழுத்தில் அதிகம் என்று அச்சாகியிருக்கும். பல ரிப்போர்ட்டுகளில் போட்டிருக்கும் 4,000 முதல் 11,000 என்ற எல்லை பெரியவர்களுக்கானது. ஒரு வயதில் ஏறத்தாழ 6,000 முதல் 17,500 வரை சாதாரணம். அதே மாதிரி, வெள்ளை அணுக்களில் லிம்ஃபோசைட், நியூட்ரோஃபில் என்று வகைகள் உண்டு, நாலைந்து வயதுவரை குழந்தைகளுக்கு லிம்ஃபோசைட்டுகள்தான் அதிகம், அதற்குப் பிறகுதான் நியூட்ரோஃபில்கள் முந்துகின்றன. இரண்டு வயதுக் குழந்தையின் ரிப்போர்ட்டில் லிம்ஃபோசைட் 60 சதவீதம் என்று பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க இணையத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

சதவீதத்தைவிட எண்ணிக்கை முக்கியம். மொத்தத்தை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் நியூட்ரோஃபில்களின் நிஜமான எண்ணிக்கை கிடைக்கும். மொத்தம் 22,000, அதில் 80 சதவீதம் நியூட்ரோஃபில் என்றால் 17,600, இது பாக்டீரியா பக்கம் கை காட்டுகிறது. இருந்தாலும், ரத்தம் எடுக்கும்போது பத்து நிமிடம் கதறி அழுத குழந்தைக்கும் இது ஏறும், ஸ்டீராய்டு கொடுத்தால் சில மணி நேரத்திலேயே ஏறும், ஏனென்றால் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் அணுக்கள் பிரிந்து ஓட்டத்தில் கலந்துவிடுகின்றன.

குறைந்தால் நல்லது என்றும் நினைக்காதீர்கள். மிகவும் நோய்வாய்ப்பட்ட குழந்தையிடம் வெள்ளை அணுக்கள் 3,000 என்று சரிந்திருந்தால் 20,000-ஐவிட அதுதான் மருத்துவரைக் கவலைப்பட வைக்கும். எலும்பு மஜ்ஜையால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.

புரோகால்சிடோனின்

எல்லா இடத்திலும் செய்ய மாட்டார்கள், செலவும் கூடுதல். பொதுவாக இது தைராய்டு சுரப்பியில் கால்சிடோனின் என்ற ஹார்மோனுக்கு முன்வடிவமாக மட்டும் இருக்கும் பொருள், ரத்தத்தில் கிட்டத்தட்ட இருக்காது. பாக்டீரியா ரத்தத்தோடு மோதும்போது உடம்பின் பல திசுக்கள் ஒரே நேரத்தில் இதைச் செய்ய ஆரம்பிக்கின்றன. வைரஸ் தொற்றில் உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா இதன் உற்பத்தியை அமுக்கி வைக்கிறது. சிஆர்பியைவிட இது பாக்டீரியாவைக் கொஞ்சம் நன்றாக அடையாளம் காட்டுவதற்கு இதுதான் காரணம். வேகமும் அதிகம், மூன்று நாலு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி ஒரு நாளுக்குள் உச்சத்துக்கு வந்துவிடும், நாளுக்குப் பாதியாக இறங்கும்.

ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்பது இதன் அலகு. 0.1-க்குக் கீழே என்றால் வழக்கமான (நிமோகாக்கஸ் போன்ற) பாக்டீரியா நிமோனியா இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு, 0.25-க்குக் கீழேயும் குறைவுதான். அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்ந்த ஐந்நூற்றுச் சொச்சம் குழந்தைகளிடம் பார்த்ததில், 0.1-க்குக் கீழே இருந்த ஒரு குழந்தையிடமும் வழக்கமான பாக்டீரியா கண்டுபிடிக்கப்படவில்லை. ஆக, இந்தப் பரிசோதனையின் பலம் "இல்லை" என்று சொல்வதில் இருக்கிறது. 0.5, 1 என்று ஏறும்போது "இருக்கிறது" என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. மைகோபிளாஸ்மாவில் இது பெரிதாக ஏறாது என்பதையும் கணக்கில் வையுங்கள். பிறந்து இரண்டு மூன்று நாள்வரை எந்தத் தொற்றும் இல்லாமலேயே இது உயர்ந்திருக்கும்.

ஈஎஸ்ஆர் (ரத்தச் சிவப்பணுக்கள் குழாயில் அடியில் படியும் வேகம்) பற்றி ஒரே வரி: மெதுவாக ஏறி வாரக்கணக்கில் மெதுவாக இறங்கும், நிமோனியாவின் முதல் சில நாட்களில் முடிவெடுக்க அது உதவாது.

வைரஸா பாக்டீரியாவா என்று எண் ஏன் பிரித்துச் சொல்வதில்லை?

அமெரிக்காவில் நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். 66 சதவீதத்தினரிடம் வைரஸ் மட்டும், 8 சதவீதத்தினரிடம் பாக்டீரியா மட்டும், 7 சதவீதத்தினரிடம் இரண்டும் சேர்ந்து. மீதிப் பேரிடம் எதுவுமே கிடைக்கவில்லை. அந்த ஏழு சதவீதம்தான் இடைஞ்சல். முதலில் வைரஸ் வருகிறது, மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்குகிறது, அந்த வழியில் பாக்டீரியா நுழைகிறது. அந்தக் குழந்தையின் சிஆர்பி எந்த நாளில் எடுத்தது என்பதைப் பொறுத்து எப்படி வேண்டுமானாலும் இருக்கும்.

அதனால்தான், 2011-இல் அமெரிக்காவின் குழந்தைத் தொற்றுநோய் மருத்துவர்கள் வெளியிட்ட வழிமுறையில், இந்த எண்களை மட்டும் வைத்து வைரஸா பாக்டீரியாவா என்று முடிவு செய்யக் கூடாது என்று தெளிவாக எழுதினார்கள். தடுப்பூசிகள் எல்லாம் போட்ட, வீட்டிலேயே வைத்துப் பார்க்கக்கூடிய குழந்தைக்கு வழக்கமாக இவற்றைச் செய்ய வேண்டியதில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. உங்கள் மருத்துவர் நெஞ்சில் கேட்டுப்பார்த்துவிட்டு ரத்தம் வேண்டாம் என்றால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் சரியாகவே சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது எண்தான் பேசும்

என்னைக் கேட்டால், மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைக்கு இந்தப் பரிசோதனைகளின் நிஜமான பயன் இங்கேதான் இருக்கிறது. ஒரு எண் ஒரு புள்ளி. இரண்டு எண் இருந்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

ஆன்டிபயாடிக் தொடங்கிய மறுநாளே எடுத்துவிட்டு ஏறியிருக்கிறதே என்று பதறாதீர்கள். சிகிச்சை தொடங்கியபோது எண் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும், மருந்து கிருமியைக் கொன்ற செய்தி கல்லீரல்வரை போய்ச் சேர நேரம் வேண்டும். 48 முதல் 72 மணி நேரத்தில் பார்த்தால் அர்த்தம் இருக்கும். என் மகளுக்கு ஞாயிறு இரவு மருந்து தொடங்கி, செவ்வாய் மாலை 118 என்பது 64 ஆகியிருந்தது, காய்ச்சலும் விட்டிருந்தது, மூச்சு 34-க்கு வந்திருந்தது. மூன்றும் ஒரே திசையில் போனால் மருந்து வேலை செய்கிறது.

48, 72 மணி நேரம் கழித்தும் காய்ச்சல் அடங்காமல், எண்ணும் இறங்காமல் நின்றால் அல்லது இன்னும் ஏறினால் அப்போது தேட வேண்டும். நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கிறதா, அது சீழாக மாறிவிட்டதா, நுரையீரலுக்குள்ளேயே சீழ்க்கட்டி இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே எடுப்பார்கள். கிருமிக்கு அந்த மருந்து கேட்கவில்லையா, இது வேறு கிருமியா என்றும் யோசிப்பார்கள். மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "காய்ச்சல் வந்து இத்தனை மணி நேரத்தில் இந்த எண், மருந்து தொடங்கி இத்தனை மணி நேரத்தில் இந்த எண், நெஞ்சில் நீர் சேர்ந்திருக்குமோ, டாக்டர்?" என்று. உங்கள் தாளைக் காட்டியே கேட்கலாம். எங்கள் மருத்துவர் அதை வாங்கி அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

எண் இறங்கி, ஆனால் குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தால் குழந்தையைத்தான் நம்ப வேண்டும். மாற்றியும் அப்படித்தான், குழந்தை ஓடி விளையாடி நன்றாகக் குடித்துக்கொண்டிருக்கும்போது சிஆர்பி இன்னும் 30-இல் நிற்கிறது என்பதற்காகவே மருந்தை நீட்டிக்கச் சொல்லி வற்புறுத்தத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

குழந்தை தேறிவிட்டால், சிஆர்பி முழுக்க இறங்கிவிட்டதா என்று பார்ப்பதற்காக மட்டும் திரும்பவும் ஊசி குத்த வேண்டாம். இரண்டாவது வாரத்தில் வேறு ஏதோ காரணத்துக்காக ரத்தம் எடுத்தால் தட்டணுக்கள் அதிகமாகத் தெரியலாம், தொற்று அடங்கும் சமயத்தில் அவை ஏறுவது வழக்கம், பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். ஈஎஸ்ஆர் இன்னும் பல வாரம் உயர்ந்தே இருக்கலாம். இருமல் சில வாரம் நீடிக்கும், அதற்கும் ரத்தப் பரிசோதனை வேண்டாம்.

காய்ச்சல் விட்டுப் போய் இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்ப வந்தாலோ, மூச்சு மறுபடி வேகமானாலோ மட்டும் தாமதிக்காமல் போங்கள். பழைய தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள், புதுக் காய்ச்சல் தொடங்கிய நேரத்தை அதன் அடியிலேயே எழுதி.